எட்டு என்று சொன்ன முழங்கால்

விஜயலெட்சுமியின் முழங்காலில் வலி ஆறு. அவள் எட்டு என்று சொன்னாள்.

"எட்டா?" என்று கேட்டுவிட்டு டொக்டர் லரீபா நோட்டில் எழுதிக்கொண்டார். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் உயிர் போகிற வலி. அதை அவர் விளக்கி முடிப்பதற்குள்ளேயே விஜயலெட்சுமி மனதுக்குள் கணக்கைச் சரிபண்ணிவிட்டாள்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு முள் இருபத்திரண்டில் நின்றால் கணக்கப்பிள்ளை சதீஸ்குமார் இருபது என்று எழுதுவான். ஈரத்துக்கும் சாக்குக்கும் இரண்டு கிலோ கழிவு. காய்கிற வெயிலில் ஈரம் ஏது என்று கேட்டால் சாக்குக் கனம் என்பான். இது புதுச் சாக்கு, காற்று மாதிரி இருக்கிறது என்றால் உன் வாய்தான் கனம் என்பான். இருபத்தாறு வருடங்களாக அவள் இருபது வேண்டுமென்றால் இருபத்திரண்டு பறித்துக்கொண்டு போகிறவள். பேனா பிடித்தவர் எவர் முன்னாலும் இரண்டு கூடத்தான் வைக்கவேண்டும். அவர்கள் எப்படியும் கழிப்பார்கள்.

அது போக, இந்த வைத்தியத்தின் மேலேயே அவளுக்கு நம்பிக்கை இல்லை. பதுளையிலிருந்து ஒரு டொக்டர் ஒவ்வொரு வியாழனும் ஹல்துமுல்லை தாண்டி இந்தத் தோட்டத்துக்கு ஏன் வரவேண்டும்? ஏன் இலவசம்? ஏன் முதலிலேயே கையெழுத்து? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அம்மா முதல் நாளே ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தார்.

"இது சீன வைத்தியம். ஆராய்ச்சிக்காகச் செய்றோம். உங்கள்ல பாதிப் பேருக்கு உண்மையான ஊசியும் சூடும். மற்றப் பாதிப் பேருக்குப் பாக்க அதே மாதிரி இருக்கும், ஆனா சூடு உள்ள இறங்காது, ஊசியும் குத்தாது. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. பெட்டியெல்லாம் கொழும்பிலயே ஒட்டித்தான் வருது."

அன்று மாலை, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போகும் ஏற்றத்தில் றீட்டா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "என்னா குடுக்குறோம்னே தெரியாத டொக்டர இப்பத்தான்டி பாக்குறேன்." றீட்டா அடுத்த காம்பராக்காரி. அவளுக்கும் முழங்கால்தான். ஒன்பதாம் நம்பர் மலையில் ஏறி இறங்கியவர்களில் முழங்கால் முழுசாக இருப்பவர் யார்?

அந்த மலையில் ஏற முடியாதவர்களின் பேரை வெட்டிவிடப் போகிறார்களாம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை அப்படித்தான் சொன்னான். பேர் போனால் வேலை போகும், வேலை போனால் லயத்துக் காம்பராவும் போகும். அந்தப் பயம் ஒன்றுதான் விஜயலெட்சுமியை வியாழக்கிழமை தோறும் அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைத்தது.

வைத்தியம் நடந்தது பழைய பிள்ளைக்காம்பராவில். கூரையில் தொட்டில் கட்டிய கொக்கிகள் இன்னும் வரிசையாகத் தொங்கின. படுத்திருக்கும்போது அவற்றைத்தான் எண்ணிக்கொண்டிருப்பாள். மயிர் போன்ற ஊசிகளை டொக்டர் முழங்காலைச் சுற்றி வைப்பார். பிறகு விரல் நுனி அளவு அட்டைக் குழாய்களை ஒட்டி, உள்ளே பஞ்சாக இடித்து அடைத்திருந்த இலையைப் பற்றவைப்பார். அது எரியாமல் கனன்றுகொண்டே இருக்கும். கொஞ்சம் சுடத்தான் செய்தது. ஆனால் உண்மையான சூடு எவ்வளவு சுடும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் வியாழன், அந்தப் புகை மூக்கில் ஏறியபோது விஜயலெட்சுமி சட்டென்று கண்ணைத் திறந்தாள். அந்த வாசனை அவளுக்குத் தெரியும். விரல் இடுக்கிலும் சேலை முந்தானையிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரை வருகிற வாசனை அது.

"புல்லுடி!" என்றாள் றீட்டாவிடம். "நம்ம தேயிலைக்குள்ள புடுங்கிப் போடுறோமே, இலைக்கு அடிப்பக்கம் வெள்ளையா இருக்குமே, அதேதான். அதைக் கொளுத்தி நம்ம கால்லயே வக்கிறாங்க."

"அப்ப உனக்குப் பொய் மருந்துதான்" என்றாள் றீட்டா.

"உனக்கு மட்டும் என்னா வாசம், சந்தனமா?"

றீட்டா யோசித்தாள். "எனக்கும் அதேதான்" என்றாள், முகம் தொங்கிப்போய்.

சிங்களத்தில் வல்கொளொந்து என்கிற அந்தச் செடியில் ஒரு பிடி பறித்து, அடுத்த வியாழன் விஜயலெட்சுமி டொக்டரின் மேசையில் வைத்தாள். டொக்டர் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். திருடியைப் பிடித்துவிட்டதாக நினைத்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த விஜயலெட்சுமிக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியது. டொக்டர் சந்தோஷப்பட்டார்.

"இந்தச் சாதிதான் அக்கா! சீனாவில காயவச்சு, மூணு வருஷம் பழசாக்கி, இடிச்சுப் பஞ்சாக்குவாங்க. இது இங்கயே முளைக்குதா?"

"முளைக்குதாவா? அதப் புடுங்கத்தானே எங்களுக்குக் கூலிப் பேரு போடுறாங்க" என்றாள் அவள். வெளியே வந்து றீட்டாவிடம், "மூணு வருஷத்துப் பழைய புல்லாம்" என்றாள். இரண்டு பேரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை வரை சிரித்துக்கொண்டே போனார்கள். ஆனால் சிரிப்புக்கு அடியில் சந்தேகம் அப்படியே இருந்தது.

ஐந்தாவது வாரம் ஒரு காலை, ஒன்பதாம் நம்பர் மலையின் மேல் வரியில் நின்று மூச்சு வாங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. நடுவில் எங்கும் நிற்காமல் ஏறியிருக்கிறாள். முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். யாரோ தனக்குத் தெரியாமல் காலை மாற்றி வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. கீழே பள்ளத்தாக்கில் மஞ்சு விலகி, தூரத்துத் தாழ்நிலம் கடலைப் போல நீலமாகக் கிடந்தது. கடலைப் பார்த்தறியாத அவள் அதைக் கடலென்றே வைத்துக்கொண்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. அந்த வியாழன் டொக்டர் கேட்டபோதும் எட்டு என்றாள். குறைத்துச் சொன்னால், போதும், வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடுவார்களே! ஆறாம் வாரம் எட்டு. ஏழாம் வாரமும் எட்டு.

எட்டாம் வாரம் டொக்டர் ஊசியை எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அக்கா, செவ்வாய்க்கிழமை பெரகல சந்திக்குப் போயிருந்தீங்களா?"

"ஏன் டொக்டர்?"

"நான் அங்க கடையில தேத்தண்ணி குடிச்சிட்டு இருந்தேன். ஹல்துமுல்லை பஸ் வெளிக்கிட்டுருச்சு. ஒரு ஆள் ரெண்டு கையிலயும் சாமானோட பின்னால ஓடி, மிதிபலகையில பாய்ஞ்சு ஏறினாங்க. கண்டக்டரே கை தட்டினான்."

விஜயலெட்சுமி கொக்கிகளைப் பார்த்தாள்.

"எட்டுன்னு சொல்ற முழங்கால் அப்படி ஓடுமா அக்கா?"

வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று முதலில் தோன்றியது. பிறகு, மாட்டிக்கொண்டவளின் கோபத்தோடு அவள் உண்மையைக் கொட்டினாள்.

"ரெண்டு கழிவுக்கு வச்சேன். மத்தது, நிப்பாட்டிருவீங்களோன்னு."

"கழிவா?"

"நெறுக்கிற எடத்துல கழிப்பாங்கல்ல. எழுதுற ஆளு எல்லாரும் கழிப்பாங்க. நான் மட்டுமா? எல்லாப் பொம்பளையும் கூட்டித்தான் சொல்லியிருப்பாளுக."

டொக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இங்க பன்னெண்டு பேர்" என்றார் மெல்ல. "ஏழு வாரமா ஒருத்தருக்கும் நம்பர் குறையல. இப்படியே போனா கொழும்பில இங்க பலனில்லைன்னு எழுதி மூடிடுவாங்க. பலன் இருந்தா அடுத்த எட்டு வாரம் எல்லாருக்கும் உண்மையான சூடே குடுக்கலாம்னு இருந்தாங்க."

மூடிவிட்டால்? பழைய கால் திரும்பி வரும். கணக்கப்பிள்ளையின் பேனா வரும்.

"அப்ப பழைய எட்டையெல்லாம் வெட்டிட்டுச் சரியா எழுதிருங்க டொக்டர்."

"அது முடியாது. அழிச்சு எழுதினா நானும் உங்க தராசுக்காரர் மாதிரித்தான். இன்னிக்குச் சொல்றத மட்டும் உள்ளபடி எழுதலாம். அதுவும், இப்ப நம்ம பேசினதையும் சேத்துத்தான் எழுதுவேன். அதுக்குப் பிறகு அவங்க என்ன முடிவெடுப்பாங்களோ, எனக்குத் தெரியாது."

மறுபடியும் தெரியாதாம். ஆனால் இந்த முறை அந்தச் சொல் அவளுக்குச் சிரிப்பை வரவழைக்கவில்லை.

"அந்த நோட்டக் கொஞ்சம் திருப்புங்க" என்றாள்.

டொக்டர் தயங்காமல் திருப்பினார். சதீஸ்குமாரின் புத்தகத்தை இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் அவள் பார்த்ததில்லை. அவன் கையால் மறைத்துக்கொண்டே எழுதுவான். இங்கே தன் பேருக்கு எதிரே ஏழு கட்டங்கள், ஏழிலும் எட்டு. இரண்டைக் கழித்து ஆறு என்று எங்கேயும் எழுதவில்லை. அவள் வாயிலிருந்து வந்த பொய் ஒரு கிராம்கூடக் குறையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. எட்டாவது கட்டம் வெறுமையாக இருந்தது.

அவள் எழுந்து நின்றாள். காலை மடக்கி நீட்டினாள். அறைக்குள் இரண்டு நடை நடந்தாள்.

"ரெண்டு" என்றாள். பிறகு அவசரமாக, "ரெண்டுதான். கழிச்சிராதீங்க."

டொக்டர் எழுதி முடிக்கும்வரை பேனா நுனியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வாசற்படியில் றீட்டா தன் முறைக்குக் காத்திருந்தாள். "என்னாடி இவ்வளவு நேரம்?"

"றீட்டா, உள்ளதச் சொல்லு. கூட்டாத. சொன்னா அடுத்த எட்டு வாரம் எல்லாருக்கும் நெசம்."

றீட்டா கண்ணைச் சுருக்கினாள். "உன்னய வளைச்சிட்டாங்களா? என்னா குடுத்தாங்க?"

"ஒண்ணும் குடுக்கல."

"ஒண்ணும் வாங்காமத்தான் இப்படிப் பேசுறியாக்கும்." றீட்டா சேலையை உதறிக்கொண்டு உள்ளே போனாள். கதவு பாதி மூடியது.

விஜயலெட்சுமி படியிலேயே நின்றாள். உள்ளே டொக்டரின் குரல் கேட்டது. "இன்னிக்கு எத்தனை அக்கா?"

"எட்டு."

விஜயலெட்சுமி கதவு இடுக்கில் வாயை வைத்து, "அடியே, அந்த நோட்டத் திருப்பிப் பாருடி!" என்று கத்தினாள்.

உள்ளே ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். கடைசியில் றீட்டாவின் குரல், சந்தேகம் சொட்டச் சொட்ட வந்தது:

"எங்க, காட்டுங்க பாப்போம்."