ஒன்றரை அங்குலத் தளர்ச்சி

ரத்தினம் உடம்பை எழுதுவதில்லை, துணியைத்தான் எழுதுவார். கைநீளம் பதினெட்டு என்று டேப் காட்டினால் நோட்டில் பத்தொன்பதரை விழும். சலவையில் சுருங்குவதற்கு அரை அங்குலம். முழங்கையை மடக்கினால் சட்டைக்கை மேலேறும், அதற்கு ஓர் அங்குலம். இந்தக் கூட்டலை அவர் யோசித்துச் செய்வதில்லை. டேப்பிலிருந்து பென்சிலுக்குப் போகும் வழியிலேயே அது நடந்துவிடும். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறார். இறுக்கம் என்று ஒரு சட்டைகூடத் திரும்பி வந்ததில்லை. தளர்வாக இருக்கிறது என்று வந்தவை உண்டு. அவற்றை அவர் குறைகளில் சேர்ப்பதில்லை. பெரியதைப் பிடித்துக் கொடுக்கலாம். சின்னதைப் பிடித்து இழுக்கவா முடியும்?

1995 ஆகஸ்டில் அருள்மேரி ஓர் ஏர்மெயில் கடிதத்தோடு வந்து கையை அளக்கச் சொன்னபோதும் அந்த ஒன்றரை அங்குலம் தன் வழக்கப்படியே போய்ச் சேர்ந்தது.

அருள்மேரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். முப்பத்தொரு வயது. கல்லூரி நாள் முதல் வில்வித்தை பழகியவள். முந்தைய ஆண்டு வலது தோளில் தசைநார் கிழிந்தது; சாதாரண வில்லை இனித் தொடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மிச்சமிருந்த ஒரே வழி காம்பவுண்டு வில். அதன் இரு முனைகளிலும் கப்பிபோலச் சக்கரங்கள் உண்டு. நாணை முழுதாக இழுத்து முடிக்கும் இடத்தில் பாரத்தின் பெரும்பகுதியைச் சக்கரங்கள் வாங்கிக்கொள்ளும். தோளுக்கு மிஞ்சுவது சொற்பம். ஆனால் அந்த இடம் எங்கே வரவேண்டும் என்பதை ஆளின் அளவுக்கேற்ப முன்கூட்டியே அமைத்துவிட வேண்டும். அமெரிக்காவில் வேலையிலிருந்த அவளுடைய அண்ணன் யேசுதாசன், "வில்லை நான் வாங்கி அனுப்புகிறேன், அளவை மட்டும் எழுது" என்று கேட்டிருந்தான்.

"அண்ணா, இதுல போட்டிருக்கிற மாதிரி அளக்கணும். நான் கையை நீட்டி நிக்கறேன். கட்டைவிரல் குழியிலேர்ந்து வாய் ஓரம் வரைக்கும்."

"வாய் ஓரத்துல முடியற சட்டை நான் தெச்சதே இல்லியேம்மா."

"சட்டை இல்லண்ணா, வில்லு."

"வில்லா? எந்தக் கோயில்ல வேஷம் கட்டப் போற?"

"அளங்கண்ணா, டூட்டிக்கு நேரமாச்சு."

அவள் சுவரைப் பார்த்து நின்று இடக்கையை நீட்டினாள். டேப் இருபத்துநான்கு காட்டியது. ரத்தினம் நோட்டில் இருபத்தைந்தரை என்று எழுதினார். எழுதியதைப் படித்தும் சொன்னார். அவள் அதைக் கடிதத்தில் குறித்துக்கொண்டாள். அமெரிக்கக் கடைக்காரர் வில்லை அந்த எண்ணுக்கே அமைத்துக் கொடுத்தார். யேசுதாசனோடு வேலை செய்யும் செல்வமேரி, கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாத விடுப்பில் பல்லாவரத்திலிருந்த தாய்வீட்டுக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்து சேர்த்தாள்.

பொங்கல் கழிந்த வாரத்தில் அருள்மேரி மறுபடியும் கடைக்கு வந்தாள். இடது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, நாண் அடித்த இடம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது.

"அண்ணா, அன்னிக்கு எடுத்த அளவு சரிதானா? கோச் சார் கேக்கச் சொன்னாரு."

ரத்தினம் நோட்டைப் புரட்டிப் பக்கத்தை அவள் பக்கம் திருப்பினார். "இருபத்தஞ்சரை. எழுத்துல கீது, பாத்துக்கோ. ஆளு மாறும், ஊரு மாறும், என் டேப்பு மாறாதும்மா."

அந்த நேரத்தில் அவர் அதை உண்மை என்றே நம்பினார்.

அவள் அந்த எண்ணைச் சிறிது நேரம் பார்த்தாள். "அப்ப வில்லுல ஒண்ணும் இல்ல. என் உடம்புதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்து, வில்வித்தைக் கழகத்துக்குத் தைத்த பனியன்களைக் கொடுக்க ரத்தினம் திருநீர்மலைச் சாலையிலிருந்த மைதானத்துக்குச் சைக்கிளில் போனார். பயிற்சியாளர் கஸ்தூரிரங்கன் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். இலக்குகளுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு இருமடங்கு மண்மேடு எழுப்பிய பிறகுதான் அங்கே முதல் அம்பை விட அனுமதித்தவர். ரத்தினம் போனபோது அருள்மேரி நாணை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு வில்வித்தையில் அரிச்சுவடிகூடத் தெரியாது. ஆனால் ஓர் உடம்பு தன்னைவிடப் பெரிய சட்டைக்குள் நிற்பது எப்படியிருக்கும் என்பது தெரியும். அதைத்தான் அங்கே கண்டார். நாணைப் பிடித்த கை வாயோரத்தைத் தாண்டிக் காதுக்குப் பின்னால் போனது. கை போன இடத்துக்குத் தலையும் போனது. இடுப்புக்கு மேலே உடம்பு முழுவதும் பின்னால் சாய்ந்தது. வில்லைப் பிடித்த முழங்கை பூட்டுப் போட்டதுபோல விறைத்தது. அவ்வளவும் செய்த பிறகுதான் சக்கரங்கள் முழுதாகத் திரும்பின. அவளுக்கு எட்டாத ஒன்றரை அங்குலத்தை அவள் தன் முதுகெலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சாயாதேம்மா! எத்தனை தடவை சொல்றது? தலை நேரா!" கஸ்தூரிரங்கன் கத்தினார். அம்பு இலக்கின் ஓரத்தைக்கூடத் தொடாமல் மண்மேட்டில் செருகி நின்றது. "மெஷின் தப்பு பண்ணாது. அளவும் சரின்னு டெய்லர் நோட்டைக் காட்டியாச்சு. அப்புறம் என்ன? இந்த வயசுல உடம்பு புதுசா எதையும் கத்துக்க மாட்டேங்கறது, அவ்வளவுதான்."

அருள்மேரி தோளை ஒருமுறை அழுத்திவிட்டுக்கொண்டு அடுத்த அம்பை எடுத்தாள். ரத்தினம் பனியன் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் சைக்கிளில் ஏறி மிதித்தார்.

கடையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். எழுதியிருந்தது சட்டைக்கையின் அளவு. வேறு எவர் பார்த்தாலும் அது தெரியாது. அவருக்கு மட்டும் தெரியும். இப்படியொரு தவறு அவருக்குப் பழக்கமில்லை. பிரித்துத் தைத்துக் கொடுக்க அதில் தையல் இல்லை.

மனைவி கிளியம்மாளிடம் மூன்றாம் நாள் சொன்னார். அதுவும் அவள் கேட்ட பிறகு.

"இன்னா, ஊசியை முழுங்கினவன் கணக்கா கீற?"

சொன்னார். அவள் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைக்காமலே கேட்டு முடித்தாள்.

"இதுக்கா மூணு நாளா சோத்தைப் பெசஞ்சுகினு ஒக்காந்திருக்க? ஜாக்கெட்டு அளவு எடுய்யான்னா எடுப்ப. வில்லுக்கு அளவெடுன்னு ஒன்னாண்ட வந்தது அதும்மேல தப்பு."

"நோட்டை வேற காட்டிட்டேன் கிளி. சத்தியம் பண்றாப்ல."

"அதத்தான் நானும் சொல்றேன். காட்டிட்ட. இப்போ போயி மாத்திப் பேசினா நாளைக்கு எவ ஒன்னை நம்பித் துணி குடுப்பா? கம்முனு கெட. அது பாட்டுக்கு விட்டுட்டு வேற வேலையப் பாக்கும்."

ரத்தினம் கம்மென்று கிடந்தார். பிப்ரவரியில் இருபது நாள் அப்படியே போயின. அருள்மேரி சாலையின் எதிர்ப்புறம் போகும்போதெல்லாம் அவர் தையல் எந்திரத்தின்மேல் குனிந்துகொண்டார். மருந்துக்கடையிலிருந்து அவள் வெளியே வருவதை ஒருநாள் பார்த்தார். குடையை இடக்கைக்கு மாற்றிப் பிடித்திருந்தாள்.

மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை மாலை, அவள் கறுப்புத் துணியில் சுற்றிய வில்லை மேசைமேல் கொண்டுவந்து வைத்தாள்.

"இதுக்கு ஒரு பை வேணும்ணா. கெட்டித் துணியில. செல்வமேரி அக்கா நாளைக்கு அமெரிக்கா திரும்பறாங்க. பத்து மணிக்கு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிடுவாங்க. திருப்பி அனுப்பிடலாம்னு இருக்கேன்."

"ஏம்மா?"

"எனக்கு வரலண்ணா. தோளுல ரெண்டு ஊசி போட்டாச்சு. டாக்டர் மூணாவது போட மாட்டேன்னுட்டாரு. நாளையோட விட்டுடலாம்னு..." சிரிக்க முயன்றாள். "பதிமூணு வருஷம் ஆச்சு. போதும்."

ரத்தினம் டேப்பை எடுத்து வில்லை அளந்தார். நாற்பத்திரண்டு. நோட்டில் எழுதினார்.

அருள்மேரி நோட்டைத் தலைகீழாக எட்டிப் பார்த்தாள். "அண்ணா, டேப்புல நாப்பத்திரண்டுதானே? நாப்பத்து மூணரைன்னு எழுதறீங்க?"

பென்சில் நின்றது.

அவளே விடையும் சொன்னாள்: "ஓ, பைக்கு லூஸ் வேணும்ல. இல்லாட்டி உள்ள போகாது."

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதையும் சொல்லத் தேவையில்லை, தலையசைத்தாலே போதும். காலையில் பத்து மணிக்கு அந்த வில் ஊரைவிட்டே போய்விடும். ரத்தினம் பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஒனக்கும் அப்டித்தாம்மா எழுதினேன்."

"என்ன?"

"அன்னிக்கு டேப்பு இருபத்திநாலுதான் காட்டிச்சு. கை தானா ஒன்றரை சேத்துடும். சட்டைக்குச் சேக்கற மாதிரி."

அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பி நாற்பத்து மூன்றரையைப் பார்த்தாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"நீ கேக்க வந்தன்னிக்குத் தெரியாது. மாதா மேல ஆணையா தெரியாது. அப்பால பனியன் குடுக்க வந்தேனே, அன்னிக்கு."

"அது ஜனவரி."

"ஆமா."

"ரெண்டாவது ஊசி பிப்ரவரியில போட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "தினம் டூட்டி முடிச்சு வந்து கண்ணாடி முன்னாடி நிப்பேன். வில்லு இல்லாம, வெறும் கையால. எங்கே கோணுது, எங்கே கோணுதுன்னு பாத்துப் பாத்து... உடம்பை வெட்டிப் போட்டுடலாம்னு இருந்துச்சு."

"ரெண்டு வார்த்தை திட்டிடும்மா."

"திட்டினா உங்களுக்கு நிம்மதியாயிடும்."

வில்லை மறுபடியும் துணியில் சுற்றினாள். "காலையில ஆறு மணிக்கு மைதானத்துக்கு வாங்க. இதை அப்படியே கோச் சார்கிட்ட சொல்லணும். தனியா இல்ல. எல்லாரும் இருக்கும்போது."

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் ஐந்து பெண்கள் ரத்தினத்தின் வாடிக்கையாளர்கள். அவர் சொல்லி முடித்ததும் அவர்களில் ஒருத்தி தன் ரவிக்கைக் கையை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். இன்னொருத்தி, "அதான் டெய்லர் அண்ணன் தெச்ச சுடிதார்ல நானும் எங்கம்மாவும் சேந்தே போகலாம்" என்றாள். சிரிப்பு எழுந்தது. கஸ்தூரிரங்கன் சிரிக்கவில்லை.

"ஒன்றரை இன்ச்னா இதுல என்னன்னு தெரியுமாய்யா உமக்கு? அரை இன்ச்சுக்கே ஆள் மாறிப்போயிடும்." பிறகு அவர் குரல் தணிந்தது, அருள்மேரியைப் பார்க்காமல் சொன்னார்: "நானாவது ஒரு டேப்பை வெச்சுப் பாத்திருக்கணும். நோட்டை நம்பினேன்."

வில்லோடு வந்த தாளை அவர் இருமுறை படித்தார். சக்கரங்களில் நாண் மாட்டும் பள்ளங்கள் மூன்று இருந்தன. நாண் மிக நீள இழுப்புக்கான பள்ளத்தில் கிடந்தது. இரண்டு பள்ளம் இறக்கினால் ஒன்றரை அங்குலம் குறையும். தாளில் கண்டபடி, வில்லை இறுக்கிப் பிடிக்கும் மேல் ஆணியையும் கீழ் ஆணியையும் சமமாக, சுற்றுகளை உரக்க எண்ணியபடி, மாறி மாறித் தளர்த்தினார். நாணை இடம் மாற்றிவிட்டு மறுபடியும் முடுக்கினார். அவள் தோளுக்குப் பாரம் குறையட்டும் என்று இரண்டு சுற்று குறைத்தே விட்டார். அதற்கே எட்டரை மணி ஆகிவிட்டது.

அருள்மேரி கோட்டில் நின்று இழுத்தாள். நாண் வாயோரத்தில் வந்து நின்றது. ஆனால் உடம்பு நிற்கவில்லை. இரண்டு மாதம் படித்த பாடத்தை அது மறக்க மறுத்தது: இடம் வந்துவிட்ட பிறகும் பின்னால் சாய்ந்தது, தேவையே இல்லாமல் முழங்கையை விறைத்தது. அம்பு இடதுபுறம் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் அவள் உதட்டைக் கடிப்பதை ரத்தினம் பார்த்தார். வில்லின் குறை தீர்ந்தது. அவர் அவளுக்குள் தைத்துவிட்ட குறை அங்கேயே இருந்தது.

"பெங்களூர் போட்டிக்குப் பேர் அனுப்பியாச்சு. உன் பேர் இல்ல. அதுல இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் கஸ்தூரிரங்கன். "இதைச் சரி பண்ண ஆறு மாசம் ஆகலாம். தோள் தாங்குமான்னு நான் சொல்ல முடியாது. தினம் பத்து அம்புக்கு மேல விடக் கூடாது."

அவள் மேலும் மூன்று அம்புகள் விட்டாள். கடைசி அம்பு இலக்கில் பட்டது. நடுவில் அல்ல, வெளி வளையத்தில். அதைப் பிடுங்கி வரப் போனவள் இலக்கின் முன்னால் நெடுநேரம் நின்றாள். அவள் திரும்பி வந்தபோது மணி ஒன்பதே கால். ரத்தினம் இரவே தைத்து முடித்த வில் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணா, உங்க சைக்கிள் இருக்கில்ல? மெயின் ரோடுல எஸ்.டி.டி. பூத் திறந்திருக்கும். செல்வமேரி அக்கா எனக்காகக் காத்துட்டு இருப்பாங்க. வில்லு வரலன்னு சொல்லிடுங்க." ஒரு சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்தாள்.

"ஏன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க." அவள் ஆறாவது அம்பை அம்பறாத்தூணியில் போட்டாள். "எங்கண்ணன் ரெண்டு மாசமா அந்த அமெரிக்காக் கடைக்காரனைத் திட்டிட்டு இருக்கான். அவனுக்கும் தெரியணும்னு அக்காகிட்ட சொல்லி அனுப்புங்க."

பூத்தில் அவருக்கு முன்னால் இருவர் இருந்தார்கள். அவர் முறை வந்தபோது பின்னால் நால்வர் சேர்ந்துவிட்டார்கள். கூண்டின் கதவு சரியாக மூடவில்லை. மறுமுனையில் ஒரு பெண்குரல் அவசரமாகக் கேட்டது: "அருளா? எங்கடி இருக்கே? வண்டி வந்து நிக்குது!"

"அருளு இல்லம்மா. நான் டெய்லரு. ரத்தினம்."

"டெய்லரா? என்ன விஷயம்? சீக்கிரம் சொல்லுங்க."

ரத்தினம் கதவைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளியம்மாளைச் சேர்த்தால் அதை அவர் சொல்லப்போவது நான்காம் முறை. சொல்லச் சொல்ல எளிதாகும் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"தப்பு கடைக்காரன் மேல இல்லம்மா" என்று தொடங்கினார்.