சுவரேறிய அபலோன்

புது வீடு கட்டியிருக்கும் என் மாமனார் இரண்டு பாத்ரூமுக்கும் டைல்ஸ் ஒட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். டைல்ஸ் ஒட்டுவதுதான் என் தொழில். ஆனாலும் மனுஷன் வாயைத் திறந்து என்னைக் கூப்பிடவில்லை. "ஞாயித்துக்கிழமை வந்து உங்க சமையலறைச் சுவத்தைப் பாத்துட்டுச் சொல்றேன் மாப்பிள்ள" என்றார். அவர் பார்ப்பது என்றால் விரல் முட்டியால் தட்டுவது. அடியில் பசை நிறைந்திருந்தால் டைல்ஸ் கெட்டியாக ஒலிக்கும். நாலு மூலையில் மட்டும் உருண்டை வைத்து ஒட்டியிருந்தால் 'டொக்' என்று காட்டிக்கொடுத்துவிடும்.

என் வீட்டில் நான் எப்படி ஒட்டியிருந்தேன் என்று கேட்காதீர்கள். ஊரார் வீட்டில் தாராளமாகப் பசை போடும் கை, சொந்த வீட்டில் சுருங்கிவிட்டது.

அதனால் தட்ட நேரமே இல்லாதபடி சாப்பாட்டில் ஆளைக் கவிழ்த்துவிடத் திட்டம் போட்டேன். மாமாவுக்கு அபலோன் என்றால் உயிர். கடல் நத்தைதான், முதுகில் காது மாதிரி ஒற்றை ஓடு, அடியில் முழுக்கத் தசை. மீன் கடைக்காரர் உயிரோடு நாலு எடுத்துக் கொடுத்தார். "அதுக்குத் தெரியறதுக்குள்ள அடியில தகட்டை விட்டு நெம்பிடணும். உஷாராயிடுச்சுன்னா ஜென்மத்துக்கும் விடாது" என்றார்.

ஞாயிறு காலை, பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டிருந்ததில் மூன்று சமர்த்தாக வந்தன. மனைவி பிரஷால் கறுப்பு அழுக்கைத் தேய்த்துக் கொடுத்தாள். நான் ஓட்டுக்கும் சதைக்கும் நடுவே ஸ்பூனை விட்டுக் கழற்றி, குடலை எடுத்து, பல் இருக்கும் வாயை அரிந்து எறிந்தேன். பிறகு மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ரப்பர் சுத்தியலால் பதமாகத் தட்டினேன். புதுச் சுத்தியல்தான், நம்புங்கள்.

நாலாவதை எடுக்கத் திரும்பினால் தொட்டி காலி.

"என்னங்க, சுவத்தைப் பாருங்க!"

குழாய்க்கு மேலே, நாலாவது வரிசை டைல்ஸில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"சத்தம் போடாதே. நாம அதைக் கவனிக்கவே இல்லாத மாதிரி நடிக்கணும்" என்று கிசுகிசுத்தேன்.

அவள் உடனே கையைக் கட்டிக்கொண்டு, "அப்புறம், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று என்னையே விசாரித்தாள்.

"ஏதோ இருக்கோம்" என்றபடி சுவருக்குப் பட்டி பூசும் தகட்டோடு பக்கவாட்டில் நகர்ந்தேன். இன்னும் ஒரு விரற்கடைதான். அழைப்பு மணி அடித்தது. கை பதறி அதன் மேலேயே பட்டது. அவ்வளவுதான், அபலோன் சுவரோடு சுவராகிவிட்டது.

மாமா உள்ளே வந்தார். சுவரைத் தட்டவில்லை, அபலோனைப் பார்த்துவிட்டார்.

"தள்ளுங்க மாப்பிள்ள, நான் எடுக்கிறேன்."

"வேணாம் மாமா! அது விடாது!"

"நான் மட்டும் விட்டுருவேனா?"

இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. மாமா நாலடி பின்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கையில் அபலோன், அபலோனின் பிடியில் டைல்ஸ். டைல்ஸின் முதுகில் நாலு உருண்டை.

எனக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. மாமா எழுந்து மேல் வரிசையிலிருந்து தட்ட ஆரம்பித்தார். டொக். டொக். டொக். கீழே வர வர ஓசை மாறியது. கடைசி இரண்டு வரிசையும் கெட்டியாக ஒலித்தன.

"இது மட்டும் பாறை மாதிரி நிக்குதே, யாரு ஒட்டினது?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். கூச்சமில்லாமல் சொல்லியும் இருப்பேன்.

"நான்தாம்ப்பா. இவரு டீ குடிக்கப் போயிருந்தாரு" என்றாள் மனைவி.

யாரும் தன்னைக் கவனிக்காத அந்த நேரத்தில் அபலோன் டைல்ஸை விட்டுவிட்டு மேசையில் நடைபோட்டது. லபக்கென்று பிடித்தேன்.

வெண்ணெயில் பூண்டைப் போட்டு, வில்லைகளை ஒரு நிமிஷம்தான் புரட்டினேன். அதற்கு மேல் போனால் செருப்பாகிவிடும். மாமா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார். பிறகு கை கழுவிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டு பாத்ரூமையும் என் பொண்ணு ஒட்டட்டும்."

"அப்ப நான், மாமா?"

"நீங்க பசை கலந்து குடுங்க, மாப்பிள்ள."

மனைவி என்னை ஒரு தரம் பார்த்தாள், அந்த டைல்ஸை ஒரு தரம் பார்த்தாள்.

"பசையையும் நானே கலந்துக்கறேம்ப்பா. இவரு சமைச்சாப் போதும்."