ஒரே கட்டையில் இரண்டு ஒயர்

...பிடுங்கச் சொல்லிவிட்டாரே, என்னை ஒரு வார்த்தை கேட்டாரா, பின்னறை ஒயரைப் பிடுங்கிடு, அங்க யாரு இருக்கா என்று ஒயர்மேன் கிருஷ்ணப்பனிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறார் என்னைக் கட்டிய இந்த மனுஷன், மாட்டுப்பண்ணை ஆபீசில் இத்தனை வருஷம் வேலை பார்த்தாரே, அங்கே இருக்கிற எருமைக்குக்கூட இவரைவிட ஈரம் இருக்கும்... முன்னறைக்குக் குடிவரப் போகிற சின்னராஜுக்குக் கரண்ட் அடுப்பு வேண்டுமாம், விடிவதற்குள் பஸ் ஏறி பெங்களூர் ஃபாக்டரிக்குப் போகிற பிள்ளை, விறகடுப்பை ஊதிக்கொண்டு இருக்க முடியாதாம், மாதா கோயில் சாமியார் சொல்லி அனுப்பிய ஆள், மறுக்கவும் முடியாது, சரி, அடுப்புக்குத் தனி ஒயர் வேண்டும், தனி ஃபியூஸ் கட்டை வேண்டும், ஆனால் எங்கள் வீட்டு போர்டில் இருப்பதே நாலு பீங்கான் கட்டை, கூடத்துக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று, முன்னறைக்கு ஒன்று, பின்னறைக்கு ஒன்று, ஐந்தாவதுக்கு இடமே இல்லை. பெரிய போர்டு பெங்களூரிலிருந்து வர வேண்டும், எப்போது வருமோ சொல்ல முடியாது, சந்திரனுக்கே ஆள் போய்த் திரும்பி வந்துவிட்டான், நம்ம ஓசூரில் ஒரு போர்டு கிடைக்கவில்லை பாருங்கம்மா என்று ஸ்டூல்மேல் நின்றபடி கிருஷ்ணப்பன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், நான் சிரிக்கிற நிலையிலா இருக்கிறேன்.

அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார், யாரும் இல்லைதான், செல்வி போனபிறகு அந்த அறையில் இருப்பது ஒரு கட்டிலும் ராகி மூட்டையும்தான், ஆனால் வரப் போகிறாளே, வருகிறேன் என்று கேட்டு அனுப்பியிருக்கிறாளே, அது இவருக்குத் தெரியாதே, தெரிந்தது எனக்கும் பாகலூரிலிருந்து கீரைக்கூடை சுமந்து வருகிற பூவம்மாளுக்கும் மட்டும்தானே. கூடையை இறக்கி வைக்கும்போதே காதோடு சொன்னாள், மேரியம்மா, உம் மகளுக்கு ஒம்பதாம் மாசம் பொறந்துருச்சு, தலைப்பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்கு வரலாமான்னு கேட்டுச்சு என்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அதற்கு எந்தச் சாமி எந்த ஜாதி என்றெல்லாம் கிடையாது, ஆனால் அவளாக மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட முடியுமா, பெற்றவர்கள் போய் அழைக்க வேண்டும், அழைக்காமல் வந்து நின்றால் புகுந்த வீட்டில் காலத்துக்கும் பேச்சு. அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன் பூவம்மாளிடம். அடுத்தமுறை அவள் வந்தபோது, நேரம் பார்த்துக் கேட்க வேண்டும், அவர் கோபக்காரர், உனக்குத் தெரியாதா என்றேன். அதற்கடுத்த முறை அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கீரையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கேட்டிருக்கலாம், சாப்பாடு போடும்போது, துணி மடிக்கும்போது, ஜெபம் முடிந்து எழும்போது, எத்தனை நேரம் இருந்தது, ஒவ்வொரு முறையும் வேறு எதையோ பேசிவிட்டு எழுந்து போனேன்... பாகலூர் முனிவேலைக் கட்டிக்கொண்டாள் என்று செய்தி வந்த அன்றைக்கு இவர் பேசவே இல்லை, செல்வி என்கிற பெயர் அதற்குப்பிறகு இந்த வீட்டில் எழவே இல்லை, அந்த வாயிடம் போய் நான் எப்படிக் கேட்பேன்?

நானாவது பேசினேனா அன்றைக்கு, நானும்தான் பேசவில்லை. வீட்டைவிட்டுப் போன அன்றைக்குக்கூடக் கோயில் பாட்டுக்குழுவுக்குப் போகிறேன் அம்மா என்று சொல்லிவிட்டுத்தான் போனாள், தலை வாரிவிட்டதே நான்தான், பின்னும்போது அத்தனை அமைதியாக உட்கார்ந்திருந்தாள், ஒரு வார்த்தை, அம்மா எனக்கு இப்படி ஒருத்தரைப் பிடிச்சிருக்கு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன, வயிற்றில் சுமந்தவள் இல்லையா நான், தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும், குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றேனே... போகட்டும், அதெல்லாம் பழசு. இதோ கிருஷ்ணப்பன் மெயினை இறக்கிவிட்டான், ரேடியோ பாதிப் பேச்சில் நின்றது, நாலாவது கட்டையைக் கையில் எடுத்துவிட்டான், இனி ஸ்க்ரூவைத் திருகுவான், ஒயரை இழுப்பான், பிறகு பிள்ளை பிறக்கிற அறையில் சிம்னி விளக்கையா வைப்பேன், நடுராத்திரி வலி எடுத்தால் மருத்துவச்சி எதை வைத்துப் பார்ப்பாள், இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வேன், சொல்லு அற்புதமேரி, சொல்லித் தொலை. "ஏங்க, அத புடுங்க வேணாம். செல்விக்கு ஒம்பதாம் மாசம். பிரசவத்துக்கு வரட்டுமான்னு கேட்டிருக்கா. அந்த ரூமுக்கு வெளக்கு வேணும்." சொல்லிவிட்டேன், என் குரலா அது, யாரோ பக்கத்து வீட்டுப் பெண் பேசின மாதிரி இருந்தது.

அவர் வெற்றிலையை வாயில் போடவில்லை. மடித்தது மடித்தபடி கையிலேயே இருந்தது. இடி இறங்கப் போகிறது என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டேன், கிருஷ்ணப்பனும் ஸ்டூல்மேல் அசையாமல் நின்றான், அவனுக்கும் ஊர்க்கதை தெரியும்தானே. அவர் என்னைப் பார்க்காமல் அவனிடம்தான் கேட்டார், ரெண்டு ஒயரையும் ஒரே கட்டையில் போட முடியாதா என்று. அவன் தலையைச் சொறிந்தான், முன்னறை பல்பையும் பின்னறை பல்பையும் ஒன்றாக முறுக்கி ஒரே கட்டையில் போடலாம், அடுப்புக்கு ஒரு கட்டை மிச்சமாகும், ஆனால் ஒன்றில் கோளாறு வந்தால் இரண்டும் சேர்ந்து அணையும், முறையான வேலை இல்லை, கரண்ட் ஆபீசர் பார்த்தால் திட்டுவார் என்றான். போடு, பெரிய போர்டு வந்ததும் மாத்திக்கலாம் என்றார் அவர். அவ்வளவுதான். அத்தனை நாளாக நெஞ்சில் கல்லைக் கட்டிக்கொண்டு நடந்தேன், இந்த மனுஷன் போடு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு எழுந்து பின்னறைக்குள் போய்க் கட்டிலை ஆட்டிப் பார்க்கிறார், கால் ஆடுதே, இதுல எப்பிடிப் படுப்பா என்று யாருக்கோ சொல்கிற மாதிரி சொல்கிறார், ஒரு மரத்துண்டை எடுத்துவந்து கட்டில் காலுக்கு முட்டுக் கொடுக்கிறார். எப்போது சொல்லி அனுப்பினாள் என்று குனிந்தபடியே கேட்டார். இன்றைக்குத்தான், காலையில் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது, ஏன் வந்தது என்று தெரியவில்லை.

அதற்குப்பிறகு என் கால் தரையில் நிற்கவில்லை, ராகி மூட்டையைச் சமையலறைக்கு இழுத்தேன், ஒட்டடை அடித்தேன், மாதா படத்தைத் துடைத்தேன், பழைய புடவையைக் கிழித்து மெத்தென்று எத்தனை துண்டு போடலாம் என்று கணக்குப் போட்டேன், பூண்டு வேண்டும், கருப்பட்டி வேண்டும், நாளைப் பூசை முடிந்ததும் இரண்டுபேருமாகப் போய் அழைத்து வரலாம், அந்த நாராயணம்மா, முனிவேலின் அம்மா, முகம் கொடுத்துப் பேசுவாளோ மாட்டாளோ, பேசாவிட்டால் போகட்டும், என் பெண் பேசுவாள்... மெயினைப் போட்டதும் பின்னறை பல்பு எரிந்தது, பட்டப்பகலில் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு இரண்டுபேரும் பைத்தியம்போல நின்றோம். கிருஷ்ணப்பன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அவன் போனபிறகு வாசலில் பூவம்மாள் குரல், கீரை என்று கூவவில்லை, மேரியம்மா என்றுதான் கூப்பிட்டாள். நான் ஓடினேன், கேட்டுட்டேன் பூவம்மா, நாளைக்கு வரோம்னு சொல்லு என்று பாதி வாசலிலேயே சொல்லிவிட்டேன், அவள் கூடையை இறக்கவே இல்லை. நேற்றுப் பொழுது சாயப் பிறந்துவிட்டதாம், பெண் குழந்தை, இரண்டு உயிரும் நன்றாக இருக்கிறதாம், நாராயணம்மாவே கூட இருந்து எல்லாம் பார்த்தாளாம். "வலியில கூட வாசலையே பாத்துனு இருந்துச்சும்மா. எங்கம்மா வந்துடும், எங்கம்மா வந்துடும்னு சொல்லிச்சு. அப்பறம் சொல்றத வுட்டுடுச்சு." பெற்றவர்கள் வரவில்லை என்றால் என்ன, நான் பெத்தவளா இருந்துட்டுப் போறேன் என்று நாராயணம்மா சொன்னாளாம். எனக்குப் பின்னால் இவர் வந்து நின்றது எனக்குத் தெரியாது. இன்னைக்குத்தான சேதி வந்துச்சு, நாங்க எப்பிடி வர முடியும் என்று பூவம்மாளிடம் நியாயம் கேட்கிற மாதிரி கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறைக்கத் தெரியாத பிறவி, நான் சொல்லி மாசம் ஒண்ணு ஆச்சே சாமி, வர்றப்பல்லாம் கேட்டுச் சொல்றேன்னுதான் அம்மா சொல்லுச்சு என்றாள்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். கண் சிவந்து, இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத ஒரு முகத்தோடு நின்றார். "ஏன் அற்புதம், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" உங்களுக்குப் பயந்துதான், இதுதானே பதில், மாதமெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில், எடுத்துச் சொல்ல வேண்டியதுதானே... பயந்தேனா? இந்த முகத்துக்கா பயந்தேன்? இவர் மறுத்துவிடுவார் என்று நினைத்தேனா, அல்லது சரி என்று சொல்லிவிடுவார் என்றா? ஒவ்வொரு முறை பூவம்மாள் வெறும் பேச்சோடு திரும்பிப் போகும்போதும் என் நெஞ்சு கனத்தது, கனத்ததுதான், ஆனால் அதன் அடியில் ஏதோ ஒன்று, கேட்கட்டும், இன்னொரு முறை கேட்டு அனுப்பட்டும், என்னிடம் சொல்லாமல் போனவள்தானே, கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று... மாதாவே, அப்படியா நினைத்தேன், வயிற்றில் பிள்ளையோடு வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தவளை... அவர் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், பதில் கேட்டு நிற்கிறார், நான் என்னவென்று சொல்வேன்.