இணைப்பு: எம்.பி.3 பிளேயர் ஒன்று

இருபத்தாறாயிரம் ரூபாய். என் முகத்தை நான் வேலை பார்க்கும் ஆபீசுக்கே காட்டுவதற்கு அவ்வளவு செலவாகுமாம்.

முப்பத்தொரு வருஷமாக இதே முகத்தோடுதான் போய் வருகிறேன். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி முதல் எங்கள் அதிகாரி சேஷன் சார் வரை எல்லாருக்கும் தெரிந்த முகம். போன மாதம் ஒரு ஆர்டர் வந்தது. இனி வருகைப் பதிவேடு கிடையாது, அவரவர் போனில் ஒரு ஆப் ஏற்றி அதில் முகத்தைக் காட்டினால்தான் வந்ததாக அர்த்தம். என் போனுக்கு ஆறு வயது. ஆப் அதில் ஏறவே மாட்டேன் என்றது.

புதுசு எதற்கு? இதில் பேசினால் கேட்கிறது, வாட்ஸ்அப் வருகிறது, ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்றால், நான் அதில் பாட்டுக் கேட்பதில்லை. பாட்டுக்கென்று தனியாக ஒரு எம்.பி.3 பிளேயர் வைத்திருக்கிறேன். இங்கே டில்லியில், நேரு பிளேஸில் வாங்கியது. உள்ளங்கை அகலம், கறுப்பு, முன்பக்கம் கண்ணாடி. சிம் கிடையாது, கேமரா கிடையாது. மயூர் விஹாரில் மெட்ரோ ஏறி வயரைக் காதில் சொருகிவிட்டால் ஐம்பது நிமிஷம் எவனும் எனக்கு லோன் வேண்டுமா என்று கேட்க முடியாது. நாகஸ்வரத்துக்கு நடுவில் ஓ.டி.பி. வந்து விழாது. அந்த ஐம்பது நிமிஷம் என்னுடையது, யாருக்கும் தரமாட்டேன்.

ஆக, போன் வாங்கவில்லை. தினமும் ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்து வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் என்னைப் பதினாலு நாள் ஆப்சென்ட் என்றது. போ, உனக்கு வேறு வேலை இல்லை என்று விட்டுவிட்டேன்.

அப்படியே விட்டிருப்பேன். மகள் விஷயம் குறுக்கே வந்தது. என் மகள் மதுமதி புனேயில் இருக்கிறாள், தலைப்பிரசவம். அம்மா வீட்டுக்கு வந்து பெற வேண்டியவள். டாக்டர் கட்டிலை விட்டே இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சரி, அவள் அம்மா வீட்டுக்கு வர முடியாவிட்டால் அம்மா அங்கே போக வேண்டியதுதான். அறுபது நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். மறுநாளே அது திரும்பி வந்தது, கூடவே சேஷன் சாரின் மெமோவும்.

வராத பதினாலு நாளும் லீவில் கழிக்கப்படும். விளக்கம் வரும்வரை புது லீவு பரிசீலிக்கப்படாது. அதோடு இன்னொன்று: ‘தாங்கள் புதிய மொபைல் ஒன்றைப் பயன்படுத்துவது லிஃப்டில் நேரில் காணப்பட்டது. இருந்தும் வேண்டுமென்றே ஆப்பை ஏற்றாதது ஒழுங்கீனமாகும்.’

எந்தப் புது மொபைல்? இரண்டாம் தடவை படித்தபோதுதான் உறைத்தது. அட கண்றாவியே, மனுஷன் என் பிளேயரைப் பார்த்திருக்கிறார்! சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே ஆத்திரமும் வந்தது.

அன்று சாயங்காலம் மது கூப்பிட்டாள்.

“வாங்கித் தொலையேன்மா. இ.எம்.ஐ. நான் கட்டுதேன். எனக்குப் பயமா இருக்கு, நீ பக்கத்துல வேணும்” என்று அழுதாள்.

பிள்ளை அழுதால் யாருக்குத்தான் தாங்கும்? சனிக்கிழமை கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு போனை எடுத்து வைத்தார். இருபத்தாறாயிரம், என் பழசைக் கொடுத்தால் எண்ணூறு குறைப்பாராம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“பையா, இயர்போன் சொருகுற ஓட்டை எங்கே?” என்று இந்தியில் கேட்டேன்.

“அது இப்போதெல்லாம் வருவதில்லை ஆன்ட்டி. வயர் இல்லாதது தனியாக வாங்கணும், நாலாயிரம்.”

“எத்தனை வருஷம் ஓடும்?”

“மூணு வருஷம் தாராளமாக ஓடும். அப்புறம் புதுசு வாங்கிக்கலாம்” என்றார் சந்தோஷமாக.

எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. என் மூஞ்சியை நானே காட்ட இரண்டு போனா? எழுந்து வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பதில் எழுத உட்கார்ந்தேன். என் சீட் லீவு சீட். ஆபீசில் யார் லீவு போட்டாலும் ஃபைல் என்னிடமிருந்துதான் கிளம்பும். நான் கம்ப்யூட்டரில் குறிப்பு எழுதுவேன், அதில் என் பெயர், தேதி, மணி எல்லாம் விழும். அதன் கீழே சேஷன் சார் ஒப்புதல் தருவார். நான் வராத அந்தப் பதினாலு நாளில் முப்பத்தேழு குறிப்பு எழுதியிருந்தேன். முப்பத்தேழையும் பிரிண்ட் எடுத்தேன். பிளேயரை ஒரு பழுப்புக் கவரில் போட்டு, ‘இணைப்பு’ என்று சீட்டு ஒட்டி, எல்லாவற்றையும் சேர்த்து நாடாவால் கட்டினேன். மேலே என் பதில்:

‘மெமோவில் கண்ட புதிய மொபைல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இதில் ஆப்பை ஏற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் பதினாலு நாள் வரவில்லை என்பதே முடிவானால், வராத ஆள் எழுதிய முப்பத்தேழு குறிப்புகளையும், அவற்றின் மேல் பிறந்த உத்தரவுகளையும் ரத்து செய்யவும்.’

இருபது நிமிஷத்தில் சேஷன் சார் கூப்பிட்டார். பிளேயரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா இது, இதுல கால் வராதா?”

“வராது சார். பாட்டு மட்டும் வரும்.”

“கேமரா?”

“கெடையாது.”

“அச்சா” என்று மேஜைமேல் வைத்தார். “தெரியாம எழுதிட்டேன், விடுங்கோ. இந்த முப்பத்தேழை எதுக்குக் கட்டி அனுப்பிச்சிருக்கேள்?”

“பன்னெண்டாவதப் பாருங்க சார்.”

புரட்டினார். குடும்பத்தோடு அந்தமான் போக அவரே போட்ட லீவு. நான் வராத ஆறாம் நாள் நான் எழுதிய குறிப்பு, அதன்மேல்தான் அவருடைய மேலதிகாரி ஒப்புதல் தந்திருந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு ஃபிளைட்.

முகம் சுருங்கிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டார். “ராஜம் மேடம், பாதிக்குப் பாதி வெச்சுக்கலாம். ஏழு நாளை லீவுல கழிச்சுடறேன். உங்க அறுபது நாளை இப்பவே சாங்ஷன் பண்றேன். பொண்ணுகிட்டப் போங்கோ. திரும்பி வந்து மெதுவா ஒரு போன் வாங்கிக்கோங்கோ.”

பொய் சொல்வானேன், ஆடிப்போய்விட்டேன். ஏழு நாள்தானே? சரி என்றால் இன்றே ரயில். மது அழுதது காதிலேயே இருந்தது. ஆனால் சரி என்றால் நான் வரவில்லை என்று நானே எழுதிக் கொடுத்ததாகும். முப்பத்தொரு வருஷத்தில் காய்ச்சலோடு வந்திருக்கிறேன், டில்லி தண்ணீரில் மிதந்த நாளில் முழங்கால் ஈரத்தோடு வந்திருக்கிறேன். இந்த ஆளுக்கு அது ஏழு நாள் பேரமா?

“வந்தேன்னா பதினாலு நாளும் வந்தேன் சார். வரலன்னா உங்க அந்தமானும் கெடையாது. ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க.”

பன்னிரண்டாவது தாளை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். பிறகு மணியை அடித்து, அலமாரியில் கிடந்த பழைய வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். என் பெயருக்கு நேரே பதினாலு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டு, புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவரும் போட வேண்டும், அதுதான் விதி. போட்டார். ஒன்பதாவதில் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.

“போறுமா?”

“இன்னும் அஞ்சு இருக்கு சார்.”

அஞ்சையும் போட்டார். அதன்மேல் என் லீவுத் தாளை வைத்தேன், அதிலும் போட்டார். வெளியே வந்ததும் மதுவைக் கூப்பிட்டேன்.

“என்னாச்சும்மா, வாங்கிட்டியா?” என்றாள்.

“இல்லட்டி. டிக்கெட்தான் வாங்கப் போறேன். புதன்கிழம வாரேன்.”