கைக்குழந்தைக்கும் கெடுதியில்லை

கொடிகாமம் சந்தையில் ஜீப் வந்து நின்றதுமே மருந்துக்கடைப் பரமலிங்கம் கல்லாவை விட்டு எழும்பினார். கடை மருந்துகளைச் சோதிக்கும் புதுச் சட்டம் வந்த நாள்முதல் அவர் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். இறங்கியவர் மருந்துப் பரிசோதகர் சண்முகநாதன்; பின்னால் இரண்டு பொலிஸ்காரர். நேரே கடைக்குள் ஏறி, பரமலிங்கம் தானே காய்ச்சி விற்கும் பாலசுகக் குடிநீர்ப் போத்தல் ஒன்றைக் கையில் எடுத்தார்.

“‘சுத்த மூலிகை, கைக்குழந்தைக்கும் கெடுதியில்லை’ எண்டு ஒட்டியிருக்கிறியள். மெய்யோ?”

“ஓம் ஐயா. ஓமமும் வசம்பும்தான்.”

பச்சைப் பொய்! ஓமத்துக்கும் வசம்புக்கும் எந்தப் பிள்ளை விடியவிடிய அசையாமல் நித்திரை கொள்ளும்? உள்ளே இருந்தது அபின். அது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். பிடிபட்டால் கடையும் போகும், மறியலில் கம்பி எண்ணுவதும் நிச்சயம்.

“கொழும்புக்கு அனுப்பிச் சோதிச்சுப் பார்ப்பம். முடிவு வருமட்டும் கடையைப் பூட்டவேணும்.”

சந்தைச் சனத்துக்குச் சொல்லவா வேண்டும்! “எங்கடை பிள்ளையளுக்கு இந்தக் குடிநீரைத்தானே குடுக்கிறம், என்ன நடந்தது?” என்று ஆளுக்காள் பரிசோதகரோடு சண்டைக்கு நின்றார்கள். பரமலிங்கத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் நீர்வேலியில் கட்டிக்கொடுத்த மகள் குணலட்சுமி கைப்பிள்ளையோடு பஸ்ஸால் இறங்கினாள். அப்பாவைக் கள்ளனைப்போல நிறுத்தி வைத்திருப்பதைக் கண்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ரை அப்பா நஞ்சோ விக்கிறார்? இந்தா, பாருங்கோ!”

போத்தலைப் பறித்து மூடி நிறைய வார்த்தாள். ஐயோ, சொட்டுக் கணக்கில் கொடுக்கிற சாமான்! “தங்கச்சி, பொறுங்கோ!” என்று பரிசோதகர் எட்டிப் பிடிக்கப் பார்த்தார், சனம் விட்டால்தானே.

“வேண்டாம் பிள்ளை,” என்றார் பரமலிங்கம்.

“நீங்கள் சும்மா இருங்கோ அப்பா.”

மூடி உதட்டருகே வந்ததும் பிள்ளை பாலென்று நினைத்து வாயைத் திறந்தது. பரமலிங்கம் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டார்.

“குடுக்காதை! அதிலை அபின் கிடக்கு!”

பேரன் தப்பிவிட்டான், இனி என்னவும் நடக்கட்டும் என்று அவர் பொலிஸ்காரரை நோக்கி நடந்தார். மகள் வழியை மறித்தாள்.

“நான் இந்தக் குடிநீரைக் கேட்ட நேரமெல்லாம் ‘உனக்கு உது வேண்டாம், ஆஸ்பத்திரியிலை காட்டு’ எண்டு சொன்னனீங்கள். அப்ப இந்தச் சனத்தின்ரை பிள்ளையள்?”

பரமலிங்கம் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் அவரை அடிக்க வரவில்லை. பெண்கள் கூடைகளை அப்படியப்படியே போட்டுவிட்டு வீடுகளுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.