எஸ்ஸுக்கு முன்னாடியா, பின்னாடியா?

ஏணிமேல் நின்றபடி பெயிண்டர் கேட்டார். "டீச்சரம்மா, மேல தொங்குற இந்தக் கமாவை எங்க போடணும்? எஸ்ஸுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பள்ளிக்கூட வேலையை விட்டு எட்டு வருடமாகிறது. தையல்கடை வைத்த பிறகும் இந்தத் தெருவுக்கு நான் இங்கிலீஷ் டீச்சரம்மாதான். பிழையான பலகையைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். எதிர்க்கடை சலூன்காரர் 'மென்' என்று எழுதி, பின்னால் எஸ் போட்டு, அதற்கும் பின்னால் கமாவைத் தொங்கவிட்டிருக்கிறார். மென் என்றாலே பல ஆண்கள்தானே, கமா எஸ்ஸுக்கு முன்னால் வரவேண்டும் என்றால், "முடி வெட்ட இலக்கணம் எதுக்கும்மா?" என்று சிரிக்கிறார்.

பெயிண்டருக்கு விளக்கினேன். "சிஸ்டர்னு எழுதுங்க. அக்கா தங்கச்சி ரெண்டு பேர் கடைன்னா முதல்ல எஸ், அப்புறம் கமா. ஒருத்தி கடைன்னா முதல்ல கமா, அப்புறம் எஸ்."

"இது எத்தனை பேர் கடை?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து தங்கை குரல் கொடுத்தாள். "ஒருத்தி கடைன்னே போடுங்கண்ணே. ஒண்ணாம் தேதியிலேருந்து நான் ஃபேக்டரி வேலைக்குப் போறேன்."

முந்தாநாள் சண்டையின் மிச்சம் இது. "எட்டு வருஷமா உன் வாயிலேருந்து நம்ம கடைன்னு ஒரு வார்த்தை வந்திருக்கா?" என்று கேட்டிருந்தாள். வாஸ்தவம்தான், வந்ததில்லை. அவள் போய்விட்டால் கடையும் ஓடாது, எனக்குப் பொழுதும் ஓடாது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை.

"அவ சொன்னபடியே போடுங்க" என்றேன்.

பெயிண்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சிஸ்டர்ல ஆர் எழுத்து வரைக்கும் எழுதிடுறேன். அதுக்குள்ள பேசி முடிவு பண்ணுங்க."

அப்போதுதான் எங்கள் வாடிக்கைக்காரர் நர்ஸம்மா, எங்களிடம் தைத்த கவுனோடு வந்தார். "ஒரு பக்கம் மேல ஏறி நிக்குது, பாருங்க. ஒரே ஒரு தடவைதான் போட்டேன்."

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. துணியைத் தைத்து முடித்தவள் அடிமடிப்பின் உள்ளே தன் நிற நூலால் மூன்று தையல் போட வேண்டும். எனக்குப் பச்சை, அவளுக்கு மஞ்சள். குறை வந்தால் யார் கைவேலை என்று தேட வேண்டாமே. சட்டம் போட்டவள் நான்தான். இந்த ஒரு வருடத்தில் வந்த குறைகள் அத்தனையும் மஞ்சள். அதைக் குத்திக்காட்டுவதில் எனக்கு ஒரு குஷியும் உண்டு.

மடிப்பைப் புரட்டினேன். மஞ்சள். 'வா, வந்து உன் லட்சணத்தைப் பாரு' என்று தொண்டைவரை வந்துவிட்டது. எவ்வளவு கோணல் என்று பார்க்க ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணை ஒட்டிப் பிடித்தேன். மடிப்பு நெடுக ஓடிய கைத்தையல் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. நான் இடதுகைக்காரி. இந்தக் கடையில் அப்படிச் சாய்வது என் ஊசி மட்டும்தான். மஞ்சள் நூலுக்கு அடியில், பிரிக்காமல் விட்டுப்போன பச்சை இழை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏய், இது நான் தைச்சதுதானே?"

தங்கை மெஷினை நிறுத்தினாள். "ஆமா."

"மத்ததெல்லாம்?"

"பாதிக்கு மேல உன்னுதுதான். சாக்பீஸ் கோடே உனக்குத் தெரியறதில்ல. துணியை வாங்க ஆள் வந்து நிக்கும்போதுதான் என் கண்ணுல படும். பிரிச்சுத் தைக்க நேரமிருக்காது. நாலு பேர் முன்னாடி உன்னை யாராவது சொல்லிட்டா உன்னால தாங்க முடியாதுக்கா. அதான் உன் பச்சையைப் பிரிச்சுட்டு என் மஞ்சளைப் போட்டுடுவேன்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரார் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையைக் கொட்டியவள், வருடம் முழுக்க என் தப்புக்கே அவளைத் திட்டியிருக்கிறேன். அவளும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறாள். கண் கலங்கிவிட்டது.

"நர்ஸம்மா, தப்பு என்னுதுதான். நாளைக்கு வாங்க, சரி பண்ணித் தரேன்" என்று அனுப்பிவைத்தேன். பிறகு வாசலுக்குப் போய், "முதல்ல எஸ் போடுங்க" என்றேன்.

தங்கை பின்னாலேயே வந்தாள். "கமாவை நீ எங்க வேணா போட்டுக்கோ. கண்ணாடி போடாதவளோட என்னால மல்லுக்கட்ட முடியாது."

"போடுறேன்டி."

"எப்போ? வருஷம் பூரா இதையேதான் சொல்ற."

"சாவியை எடு. நம்ம கடையை ஒரு மணி நேரம் பூட்டிட்டு கண் டாக்டர்கிட்ட போயிட்டு வரலாம்."

"நம்ம கடையா?" என்றாள். பிறகு சாவியை எடுக்க உள்ளே போனாள்.