துடைத்த கண்ணாடி

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் விட்டில் என்றுதான் கூப்பிட்டார்கள். விட்டில் பூச்சியின் கண் பளபளக்காது. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத முனைகள் அடர்ந்திருப்பதால், பட்ட வெளிச்சம் திரும்பாமல் உள்ளே போய்விடும். அதே மாதிரி முனைகளைக் கண்ணாடியின் மேல் வளர்ப்பதுதான் அவள் வேலை. சூரியத் தகடுகளை அந்தக் கண்ணாடியால் மூடினால், பிரதிபலித்து வீணாகிற வெளிச்சமும் மின்சாரமாகும்.

"என் மண்டையிலயும் கொஞ்சம் வளர்த்துவிடேன். வெயில்ல எதிர்ல வர்றவங்களுக்குக் கண்ணு கூசுதாம்" என்பான் கணவன். வழுக்கை விழுந்த பிறகு அவனுக்கு அது ஒரு வாடிக்கை.

நிறுவனத்தின் மொட்டைமாடியில் இரண்டு வரிசைத் தகடுகள் இருந்தன. ஒரு வரிசையில் சாதாரணக் கண்ணாடி. வானமும் தண்ணீர்த் தொட்டியும் அதில் தெரியும். மறு வரிசை அவளுடையது. அங்கே கண்ணாடி இருப்பதே தெரியாது, கறுப்பு மட்டும்தான். மத்தியானச் சாப்பாட்டை அவள் பெரும்பாலும் அந்த வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். வயிற்றில் தங்காமல் போன குழந்தைக்குப் பிறகு அவள் ஆசையாகப் பார்த்தது அது ஒன்றைத்தான்.

சில மாதங்களாக அந்த வரிசையின் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தூசி என்று மேலாளர் சொன்னார். அவளும் அப்படியே நினைத்தாள்.

முதலீட்டாளர்கள் பார்க்க வருவதாக இருந்த அன்று காலை, மேலாளர் துப்புரவு வேலை செய்யும் அக்காவைக் கூப்பிட்டு, "மாடியில ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாது" என்றார். எதைத் தொடக் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டார். அக்கா சோப்புத் தண்ணீரும் துணியுமாகப் போய், கை வலிக்க வலிக்கத் தேய்த்தாள்.

விருந்தாளிகள் மாடிக்கு வந்தபோது கறுப்பு வரிசை திட்டுத்திட்டாக வெளுத்துக் கிடந்தது. துணி போன வழியெல்லாம் வளைவு வளைவாகத் தெரிந்தது. வாளியோடு ஓரமாக நின்ற அக்கா பக்கம் மேலாளர் திரும்பினார்.

"இத்தனை வருஷ உழைப்பை ஒரு துணியால அழிச்சிட்டியே! கீழ இறங்கு. நாளையிலிருந்து வராதே."

"நீங்கதானே ஐயா தொடைக்கச் சொன்னீங்க..."

"இறங்குன்னு சொன்னேன்ல!"

விட்டில் அங்கேதான் நின்றாள். அவளுக்கும் அந்த நேரத்தில் அக்காவின் மேல் ஆத்திரம்தான்.

மறுநாள் அவள் கண்ணாடிகளைக் கழற்றி மின்னணு நுண்ணோக்கியில் வைத்தாள். துடைத்த இடத்தில் முனைகள் படுத்துக் கிடந்தன. அது தெரிந்ததுதான். தொட்டிக்குப் பின்னால், அக்காவின் கை எட்டாத கடைசித் தகட்டையும் எடுத்துப் பார்த்தாள். அங்கேயும் முனைகள் நாலைந்தாக ஒட்டிக்கொண்டு சாய்ந்திருந்தன. துணி படாத கண்ணாடி அது. பனி விழுந்து, காய்ந்து, விழுந்து, அந்த ஈரமே முனைகளை இழுத்துச் சாய்த்திருந்தது. வேறு மூலைகளிலும் பார்த்தாள். எல்லா இடத்திலும் அதே கதி. மின்சாரம் இறங்கியது தூசியால் அல்ல.

மேலாளர் படங்களைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இது நம்ம ரெண்டு பேரோட நிக்கட்டும். அந்தம்மா தொடைச்சதால போச்சுன்னு சொன்னா இன்னொரு வாய்ப்பு கேக்கலாம்."

"சார், பனி தாங்காத பூச்சை வெயில்ல எப்படி சார் வைக்கிறது?"

"உன் குழுவுல எத்தனை பேர் இருக்காங்கன்னு யோசிச்சியா?"

யோசித்தாள். வீட்டில் கணவனிடம் சொன்னபோது அவன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தான். "சொன்னா அந்தம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்டான். "கிடைக்கும்னுதான் நெனைக்கிறேன்" என்றாள்.

அடுத்த கூட்டத்தில் முதலீட்டாளர்கள் முன்னால் படங்களைப் போட்டுக் காட்டி உள்ளதைச் சொன்னாள். அவர்கள் மரியாதையாக நன்றி சொன்னார்கள். அந்த மாதமே நிறுவனம் அவளுடைய பிரிவை மூடிவிட்டது. குழுவில் ஒருத்தரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. துப்புரவு ஒப்பந்தக்காரரிடம் அக்காவைப் பற்றிக் கேட்டதற்கு, "அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சும்மா" என்றார்.

விலாசம் விசாரித்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை. கட்டிலில் அக்காவின் புருஷன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அக்கா அவசரமாக நாற்காலியைத் துணியால் துடைத்தாள். பாதியில் ஏதோ தோன்றியவளாய்த் துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க தொடைச்சதால போகலை. அதுக்கு முன்னாடியே போயிருச்சு. நான் செஞ்சதே சரியில்லை."

அக்கா தலையை ஆட்டினாள். "நீ நல்ல பொண்ணு. ஆறுதலுக்குச் சொல்றே."

"சத்தியமாக்கா. நானே பார்த்தேன்."

"நானும் பார்த்தேனேம்மா. என் கை போன எடமெல்லாம் வெளுத்துச்சு." அக்கா அழத் தொடங்கினாள். "உனக்குப் புள்ளை மாதிரி அது. தெனமும் பக்கத்துல உக்காந்து சாப்பிடுவியே, பார்த்திருக்கேன். என்னை மன்னிச்சிரும்மா."

விட்டில் திரும்பத் திரும்பச் சொன்னாள். பனி, ஈரம், முனைகள் என்று கையை விரித்தும் மடக்கியும் காட்டினாள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மறுபடியும் மன்னிப்புக் கேட்டாள். கட்டிலில் இருந்தவன் திரும்பாமலே, "போதும், விடுங்கம்மா" என்றான்.

அவள் எழுந்து வெளியே வந்தாள். தெருவில் நல்ல வெயில். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கொஞ்ச நேரம் அவளுக்குப் பிடிபடவில்லை.